த்ரீ நாட் த்ரீ: அடுத்த ரவுண்டு ஏன் மேலே வரவில்லை?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது முதலில் தயங்கினேன். பழைய மாணவர் மலர் என்றால் ஹாஸ்டல் சாப்பாடு, சாஸ்திரி ஹால் விழாக்கள், சிதம்பரம் கீழ வீதியில் ராத்திரி குடித்த சூடான பால் என்றுதான் எழுதுவது வழக்கம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே இருக்கிறார்கள். எனக்கென்று எழுத ஒன்றுதான் உண்டு. அது என் மானம் போன கதை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு நண்பர் (பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், பெயரைச் சொன்னால் எனக்கு உதை விழும்) தூரத்தில் என்னைப் பார்த்ததுமே கத்துவார்: "என்னடா, அடுத்த ரவுண்டு மேலே வந்துச்சா?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். புதிதாக வந்த மாணவர்கள் விழிப்பார்கள். அவர்களுக்காகவாவது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

1970-களின் நடுவில் நான் இங்கே இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. என்.சி.சி.யில் சேர்ந்தது நாட்டுப்பற்றினால் என்று சொல்ல ஆசைதான். பரேடு முடிந்ததும் கொடுக்கும் சிற்றுண்டியும் ஒரு காரணம். அந்த வருஷம் வேறோர் ஊரில் நடந்த வருடாந்திர கேம்ப்பில் சுடும் பயிற்சி. நூறு கஜ தூரத்தில் இலக்கு, ஆளுக்கு ஐந்து ரவுண்டு, நன்றாகச் சுடுகிறவர்களைப் போட்டி அணிக்கு எடுப்பார்கள். .22 ரைஃபிளில் நான் நல்ல பெயர் வாங்கியிருந்தேன். ஆகவே த்ரீ நாட் த்ரீயிலும் அசத்திவிடுவேன் என்று எல்லோரும் நம்பினார்கள், நான் உள்பட.

தோட்டாக்களை உதிரியாகத்தான் கையில் கொடுத்தார்கள். படுத்த நிலையில் ஒவ்வொன்றாக மேகசினுக்குள் அழுத்தினேன். போல்ட்டை மூடி முதல் ரவுண்டைச் சுட்டேன். தோளில் கழுதை உதைத்த மாதிரி இருந்தது, ஆனால் குண்டு நடுவில் போயிருந்தது. போல்ட்டைத் திறந்தேன், காலிக் கூடு தெறித்தது. மறுபடி முன்னே தள்ளினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளினேன், அசையவில்லை. முழு பலத்தோடு தள்ளினேன். இரண்டாவது தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு கோணலாக நின்றது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஐந்தையும் முடித்துவிட்டார்கள். பயிற்சி தந்த ஹவில்தார், அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையை எடு தம்பி. குழாய் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும். இதுகிட்ட பலம் காட்டக் கூடாது."

மேகசினைக் கழற்றினார், தோட்டாக்களை வெளியே எடுத்தார், மறுபடி அடுக்கினார். "மேல வர்றவன் முன்னாடி நிக்கணும், கீழ இருக்கிறவன் பின்னாடி. நீ பஸ்ஸுல ஏத்துற மாதிரி முண்டி ஏத்தியிருக்க." பிறகு துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து, "உடம்புல ஒரு நம்பர், மேகசின்ல வேற நம்பர்... ம்ம்" என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டார். நேரம் முடிந்துவிட்டது. அணியில் எனக்கு இடம் இல்லை. தோட்டா ஏற்றத் தெரியாதவன் என்ற பட்டம் மட்டும் கிடைத்தது.

அந்த "ம்ம்" என்ன என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அதைத் தேடிப் போனபோதுதான் அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்தது.

நம் கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் துப்பாக்கிச் சரித்திரம் ஒன்றும் புதிதில்லை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். அப்படி வந்து சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. பட்டா அளக்கச் சங்கிலி வேண்டாம், பீரங்கி போதும் என்றிருந்த காலம் அது! அந்தக் கம்பெனியின் வாரிசுகள் இருநூறு வருஷம் கழித்துக் கொண்டுவந்ததுதான் நம் கதாநாயகன்.

ஸ்காட்லாந்தில் 1831-இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வாழ்ந்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. தொழிலால் கடிகாரக்காரர். கடிகாரக்காரனுக்கு ஸ்பிரிங்கோடுதானே சகவாசம்? துப்பாக்கியின் போல்ட்டுக்கு நேர் கீழே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் மேல் ஒரு சிறு மேடை, மேடையின் மேல் தோட்டாக்கள். மேலே உள்ளதை போல்ட் தள்ளிக்கொண்டு போனால் அடுத்தது தானே எழும்பி வரும். 1879-இல் இதற்கு அவர் காப்புரிமை வாங்கினார். இன்று உலகில் உள்ள அநேகத் துப்பாக்கிகளின் மேகசினுக்கு மூதாதை அதுதான். பிரிட்டன் 1888-இல் லீயின் போல்ட்டையும் மேகசினையும் ஏற்றுக்கொண்டு லீ-மெட்ஃபோர்டு என்ற ரைஃபிளைக் கொண்டுவந்தது. 1895-இல் குழாயின் உட்பக்கத்து வரிகளை மாற்றியதும் அது லீ-என்ஃபீல்டு ஆயிற்று. 1907-இல் வந்த மார்க் 3 என்ற குட்டையான வடிவம்தான் நம் கைக்கு வந்த துப்பாக்கியின் அசல்.

இனி தோட்டாவுக்கு வருகிறேன். கதையே இங்கேதான் இருக்கிறது.

.303 தோட்டாவின் அடிப்பாகத்தில், ஆணிக்குத் தலை இருப்பது போல, உடம்பைவிட அகலமாக ஒரு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் ஏற்றிச் சுட்ட மார்ட்டினி-ஹென்றி காலத்துப் பழக்கம் அது. அதில் நன்மைகளும் உண்டு. தோட்டா சேம்பருக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அந்த விளிம்பே நிறுத்திக் காட்டிவிடும். காலிக் கூட்டை வெளியே இழுக்க எக்ஸ்ட்ராக்டருக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். ஒன்று மட்டும் இருந்தால் விளிம்பு தோழன். பத்தை ஒரு பெட்டிக்குள் அடுக்கினாலோ விளிம்பு விரோதி.

ஏன் என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஒரு தீப்பெட்டியை எடுத்து, அதற்குள் இரண்டு ஆணிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வையுங்கள். மேல் ஆணியின் தலை கீழ் ஆணியின் தலைக்கு முன்னால் இருக்கட்டும். மேல் ஆணியைக் கூர்முனைப் பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது மாற்றி, மேல் ஆணியின் தலையைக் கீழ் ஆணியின் தலைக்குப் பின்னால் வைத்துத் தள்ளுங்கள். தலை தலையில் முட்டிக்கொள்ளும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். நான் அன்று செய்தது அதுதான். ஹவில்தார் "பலம் காட்டக் கூடாது" என்றாரே, அதன் பௌதிகம் இவ்வளவுதான்.

பிரான்சும் ஜெர்மனியும் ரஷ்யாவும் அதே காலத்தில் அதே தலைவலியோடு இருந்தன. விளிம்புள்ள தோட்டாவை வைத்துக்கொண்ட ரஷ்யர்கள் 1891-இல் தங்கள் மோசின் துப்பாக்கியில், அடுத்த தோட்டா முந்திக்கொண்டு வராதபடி தடுத்து நிறுத்த உள்ளே ஒரு தனித் தகடு வைத்தார்கள். ஜெர்மானியர்கள் விளிம்பையே எடுத்துவிட்டு, அடியில் ஒரு பள்ளம் மட்டும் வெட்டினார்கள். பிரிட்டிஷார் இரண்டும் செய்யவில்லை. மேகசினைச் சற்றுச் சாய்வாக வளைத்து, மேலே வருகிற ஒவ்வொன்றும் தானாகவே கொஞ்சம் முன்னால் நிற்கும்படி அமைத்துவிட்டு, மிச்சத்தைச் சிப்பாயின் விரல்களிடம் விட்டுவிட்டார்கள். ஓர் எஞ்சினீயர் என்ற முறையில் சொல்கிறேன், இது தீர்வு இல்லை, சமாளிப்பு. ஆனால் எழுபது வருஷம் ஓடிய சமாளிப்பு என்பதால் மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில்தான் சூடு பட்டது. போயர்களின் மவுசர் துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்கள் ஒரு தகடு கிளிப்பில் வரும், கட்டை விரலால் ஒரே அழுத்து, வேலை முடிந்தது. பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் லீ-என்ஃபீல்டுக்கும் சார்ஜர் கிளிப் வந்தது. ஒரு கிளிப்பில் ஐந்து, மேகசினில் பத்து. கிளிப்பில் தோட்டாக்கள் ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கி நிற்கும், மூன்று ஒரு மட்டத்தில், இரண்டு மற்றொரு மட்டத்தில். எந்த முனையை மேலே பிடித்துச் செருகினாலும் வரிசை ஒன்றே. சண்டைக்கு நடுவில், சேற்றுக் கையோடு இருக்கும் சிப்பாய்க்கு யோசிக்கும் வேலையைக் குறைத்துக் கொடுத்த ஏற்பாடு அது. கிளிப்பைச் சரியாக நிரப்பிவிட்டால் அநேகமாகச் சிக்கல் வராது. எங்கள் கேம்ப்பில் கிளிப் தராமல் உதிரியாகக் கொடுத்தார்கள் என்பதை நண்பர்கள் கவனிக்கவும்!

இந்தக் கிளிப்பும் பயிற்சியும் சேர்ந்துதான் 1914 ஆகஸ்டு 23-இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் ஊரில் ஜெர்மானியர்களைத் திகைக்க வைத்தன. நிமிஷத்துக்குப் பதினைந்து குறி பார்த்த சூடு என்பது அன்றைய பிரிட்டிஷ் காலாட்படையின் பயிற்சி அளவு.

நம்மவர்கள் கதை வேறு. 1857-க்குப் பிறகு, இந்தியச் சிப்பாயின் கையில் வெள்ளைக்காரச் சிப்பாயின் ஆயுதத்தைவிட ஒரு தலைமுறை பழசுதான் இருக்க வேண்டும் என்பது ஆட்சியாளர்கள் வைத்திருந்த எழுதாத விதி. ஆகவே 1914-இல் இந்தியப் படைகளிடம் இருந்தவை பழைய மார்க் 6 தோட்டாவுக்கு அமைந்த ரைஃபிள்கள். மார்க் 6-இன் குண்டு மழுங்கிய மூக்கு கொண்டது. 1910-இல் வந்த மார்க் 7-க்குக் கூர்மையான மூக்கு, எடை குறைவு, வேகம் அதிகம். இரண்டுக்கும் கூடு ஒன்றுதான், துப்பாக்கிக்குள் நுழையவும் நுழையும். ஆனால் மூக்கின் வடிவம் மாறினால் மேகசினின் வாய் அதை மேலே தூக்கிக் கொடுக்கும் கோணமும் மாற வேண்டும், பின் குறிமுனையின் தூர அளவும் மாற வேண்டும். பிரிட்டனில் பழைய ரைஃபிள்களைப் புதுத் தோட்டாவுக்கு மாற்றியபோது இவ்விரண்டையும் திருத்தினார்கள்.

லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் 26-இல் பிரான்சின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே கிடைப்பதெல்லாம் மார்க் 7 தோட்டா. ஆகவே அங்கேயே பழைய துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொண்டு புதியவற்றைக் கையில் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த மனிதர்கள் ஈப்பர் பகுதியிலும் நவ் ஷப்பேலிலும் சேற்றில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அறிமுகமில்லாத துப்பாக்கி, அறிமுகமில்லாத தோட்டா, அறிமுகமில்லாத குளிர். நூறு கஜத்தில், முதுகுக்குப் பின்னால் பொறுமைசாலி ஹவில்தார் இருக்க, எனக்கு மாட்டிக்கொண்டபோதே கை நடுங்கியது. அவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாக்காரர்கள் சாட்சி. அவர்கள் ராஸ் என்ற தங்கள் நாட்டு ரைஃபிளோடு போனார்கள். இலக்குச் சுடுதலில் அது கெட்டிக்காரத் துப்பாக்கி. சேம்பரை மிகவும் நுணுக்கமாக, இறுக்கமாகக் கடைந்திருந்தார்கள். போர்க்கால அவசரத்தில் பிரிட்டனில் செய்த தோட்டாக்கள் அளவில் மயிரிழை பெரியவை. 1915 ஏப்ரலில் ஈப்பர் போரில் குழாய் சூடேறியதும் போல்ட் இறுகிக்கொண்டது. பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டியால் தட்டியும் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ராஸை எறிந்துவிட்டு, விழுந்து கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். லீ-என்ஃபீல்டின் உறுப்புகளுக்கிடையே கொஞ்சம் தளர்ச்சி உண்டு. போல்ட்டை மேலும் கீழும் ஆட்டினால் லொடலொடக்கும். அந்த லொடலொடப்புதான் சேற்றையும் மணலையும் பொறுத்துக்கொண்டது. ஒர்க்ஷாப்பில் எங்கள் வாத்தியார் "எல்லாத்தையும் இறுக்கிச் செய்யாதீங்கப்பா, மெஷின் மூச்சு விடணும்" என்பார். அவர் ராஸ் ரைஃபிளைப் பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். ஐம்பது துப்பாக்கிச் சிப்பாய்கள், சுமார் பத்து நிமிஷம், 1,650 ரவுண்டு என்பது விசாரணையில் பதிவான கணக்கு. ஆளுக்கு 33 ரவுண்டு. அதாவது மேகசின் மூன்று முறைக்கு மேல் காலியாகி, மூன்று முறைக்கு மேல் நிரப்பப்பட்டிருக்கிறது. அவர்கள் கையிலும் இதே .303-தான். அரசாங்கக் கணக்குப்படியே இறந்தவர்கள் 379 பேர். தோட்டா தீரும் நிலைக்கு வந்ததால்தான் சூடு நின்றது. லீயின் மேகசினும் சார்ஜர் கிளிப்பும் அன்று செய்ய வேண்டியதைச் செய்தன. என் துப்பாக்கி மாட்டிக்கொண்டதை நினைத்து இத்தனை வருஷம் வெட்கப்பட்டவனுக்கு, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தத் துப்பாக்கியை நம் நாட்டிலேயே செய்தது வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை. நம் மாநிலத்துக்கும் அதில் பங்கு உண்டு. நீலகிரியில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலைதான் மருந்துக்குப் பிறப்பிடம். பழைய .303 தோட்டாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே தூள் இருக்காது. சேமியா மாதிரி நீள நீளமாகக் குச்சிகள் இருக்கும். அதுதான் கார்டைட். கூட்டின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே அந்தக் குச்சிகளை உள்ளே போட்டுவிடுவார்கள், பிறகு போட முடியாதே! ஊட்டி ரயிலில் போகும்போது அருவங்காடு ஸ்டேஷனில் வண்டி நின்றால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சுதந்திரம் வந்தது, துப்பாக்கி மாறவில்லை. என்.சி.சி. 1948 ஜூலையில் தொடங்கியது. 1962-இல் இமயமலையில் சீனர்களை எதிர்கொண்ட நம் வீரர்கள் பெரும்பாலும் கையில் பிடித்திருந்தது இதே போல்ட் துப்பாக்கியைத்தான். அந்த அடியின் எதிரொலியாக 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆயிற்று. எனக்கு முந்தைய செட்டுகளில் இருந்த அண்ணன்மார்கள், கவிதை எழுதியவர்களும் கணக்குப் போட்டவர்களும், எல்லோரும் காக்கி போட்டு இந்தத் துப்பாக்கியைத் தூக்கியவர்கள். ஒன்பது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. காலை வெயிலில் அரை மணி நேரம் தூக்கினால் தொண்ணூறு பவுண்டு.

அதே ஆண்டுகளில்தான் 1965 ஜனவரி 27 வந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அண்ணாமலை நகரில் போலீஸ் சுட்டதில் நம் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அவருடைய சிலை அண்ணாமலை நகரிலேயே நிற்கிறது. இந்த மலரைப் படிக்கும் மாணவர்கள் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். பரேடு மைதானத்தில் துப்பாக்கியைப் பிடித்துப் பழகிய வயதுதான் அவருக்கும். எங்கள் காலத்தில் அந்தச் சிலைப் பக்கமாகத் துப்பாக்கியைத் தோளில் வைத்து நடந்தபோது சீனியர் ஒருவர் "மெதுவாப் போங்கடா" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் வந்தபோது என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளும் பெரிய விவாதம் ஆயின. எங்கள் காலத்திலும் 'பர்' என்றால் ஏற்று, 'காலி கர்' என்றால் காலி செய். துப்பாக்கி நின்றுபோனால் உடனே செய்ய வேண்டியதற்கு 'ஃபௌரி இலாஜ்' என்று பெயர். உடனடி வைத்தியம்! எங்கள் ஹவில்தார் அதைத் தமிழில் இப்படிச் சொல்லித் தருவார்: "நின்னா நீயும் நில்லு. குழாயைத் திருப்பாதே. போல்ட்டைத் திற, பாரு, அப்புறம் கை வை." அவர் சொன்ன வைத்தியக் குறிப்பை என் தொழில் அறிவையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். அருங்காட்சியகங்களிலும் பழைய கோத்களிலும் இந்தத் துப்பாக்கியைப் பராமரிப்பவர்களுக்கு உதவலாம்.

முதல் சந்தேகம் எப்போதும் அடுக்கின் மேல். விளிம்பு விளிம்பில் மாட்டியிருந்தால் மேகசினைக் கழற்றி மறுபடி அடுக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அடுக்கு சரியாக இருந்தும் போல்ட் தோட்டாவைத் தொடாமல் மேலாகத் தாண்டிப் போனால், மேகசின் மேலே போதிய உயரத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம். அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் களைத்திருக்கலாம், அல்லது பெட்டிக்குள் காய்ந்துபோன கிரீஸ் மேடையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கிரீஸ் என்றால் மண்ணெண்ணெயும் துணியும் போதும். தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டோ சாய்ந்துகொண்டோ நின்றால் மேகசினின் வாய் உதடுகளைப் பாருங்கள். மெல்லிய தகடுதான் அது. கீழே ஒரு தரம் விழுந்தால் போதும், அரை மில்லிமீட்டர் வளைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் சக கேடட் ஒருவன் அதை இடுக்கியால் நேராக்கப் போய்ச் சுத்தமாகக் கெடுத்தான். அது ஆர்மரர் வேலை, நம் வேலை இல்லை.

இப்போது அந்த "ம்ம்"முக்கு வருகிறேன். மேகசினைக் கழற்ற முடியும் என்பதால் எல்லா மேகசினும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று நாம் நினைப்போம். லீ-என்ஃபீல்டில் அப்படி இல்லை. சிப்பாய் மேகசினை மாற்றி மாற்றிச் சுட வேண்டும் என்பது அதன் நோக்கமே அல்ல. மேலிருந்து கிளிப்பால் நிரப்புவதுதான் முறை, கழற்றுவது துடைப்பதற்கு மட்டும். அந்தந்தத் துப்பாக்கிக்கு அதனதன் மேகசினை வைத்துப் பார்த்து, வாயைச் சரிசெய்து பொருத்துவார்கள். அதனால்தான் இஷாப்பூர்த் துப்பாக்கிகள் பலவற்றில் உடம்பில் உள்ள வரிசை எண்ணையே மேகசினிலும் அடித்திருப்பார்கள். என் கையில் இருந்ததில் இரண்டும் வேறு வேறு எண். துடைப்பதற்காக ஐம்பது மேகசினையும் ஒரே சாக்கில் கொட்டிவிட்டு, கைக்கு வந்ததை மாட்டியிருக்கிறார்கள். யார், எந்த ஊரில், எப்போது என்பதெல்லாம் இனி எதற்கு? ஆக, தப்பில் பாதி என் விரலுடையது, பாதி அந்தச் சாக்கினுடையது. ஹவில்தாருக்கு அது அன்றே தெரிந்திருக்கிறது. சின்னப் பையனுக்கு முன்னால் மேலே இருப்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை போலும். அல்லது பையன் முதலில் தன் பாதியைக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டாரோ என்னவோ. அதற்குப் பிறகு அவரை நான் சந்திக்கவே இல்லை.

விளிம்பின் கதை 1960-களில் முடிவுக்கு வந்தது. சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் இதே போல்ட் துப்பாக்கியை, விளிம்பில்லாத 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி வலுவான எஃகில், புது மேகசினோடு செய்தார்கள். மாட்டிக்கொள்ளும் வியாதி அதோடு போயிற்று. நாங்கள் பயிற்சியில் சுட்ட .22 ரைஃபிளிலோ அந்த வியாதிக்கு இடமே இல்லை. அது .303-இன் உருவம், ஆனால் ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடுவது. அதன் மேகசின் பெட்டிக்குள் ஸ்பிரிங்கும் மேடையும் கிடையாது, காலிக் கூடுகள் விழுந்து சேரும் டப்பாவாக மட்டும் இருந்தது. நான் அதில் புலியாக இருந்த ரகசியம் அதுதான்! போலீசுக்காகச் செய்த .410 மஸ்கெட்டில் மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையை அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கியிருந்தார்கள்.

உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தார்கள். செய்தியில் படத்தைப் பார்த்தவுடன் அந்த நண்பருக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரியில் வந்தது: "கடைசி ரவுண்டாவது மேலே வந்துச்சான்னு கேளு."

இந்தச் சந்திப்புக்கு அவர் பேரனோடு வருகிறாராம், பையன் இங்கே எஞ்சினீயரிங் முதல் வருஷம். என் பையில் ஒரு தீப்பெட்டியும் ஐந்து ஆணியும் எடுத்து வைத்திருக்கிறேன். பையனிடம் கொடுத்து அடுக்கச் சொல்லிவிட்டு, தாத்தாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைக்கப் போகிறேன்.